மீதி ரவைகள்

துப்பாக்கி வெடித்த சத்தம் காதடைப்பையும் மீறிக் கடைவாய்ப் பல்லுக்குள் இறங்கி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிரகாசி நாக்கால் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பத்து மீட்டர் தள்ளி மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய வெள்ளைக் காகிதம் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் விளக்கு எரிந்தது. ரவை போன இடத்திலெல்லாம் வெளிச்சம் பொட்டுப் பொட்டாக வெளியே வந்தது. பக்கத்தில் முக்காலியில் நிற்கும் கேமரா அதைப் படம் பிடித்து அவள் மேஜைமேல் இருந்த கணினிக்கு அனுப்ப, திரையில் ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் பச்சை வளையம் விழுந்துகொண்டே போனது. நாற்பது. எழுபது. நூற்றுப் பத்து. இரண்டு ரவை ஒரே துளையில் போயிருந்தால் அதையும் பிரித்து எண்ணியது. நூற்று அறுபத்தாறு. விரிவு நாற்பத்து மூன்று சென்டிமீட்டர். கணித்த தூரம் பத்து புள்ளி இரண்டு மீட்டர். சரியாகத்தான் சொல்கிறது. சொல்லட்டும். முன்பெல்லாம் இந்த ஒரு காகிதத்துக்கு ஒரு பகல் போகும். எஃகு அளவுகோல், பென்சில், ஒவ்வொரு துளைக்கும் ஒரு எண், எழுபதுக்கு மேல் கண் தடுமாறித் திரும்ப ஒன்றிலிருந்து. இப்போது நாலு நொடி. இந்தப் புதுக் கணினிமுறையைச் சோதித்துச் சான்று கொடுக்கத்தான் இந்த வாரம் முழுக்க அவளும் ஏட்டு தவசிலிங்கமும் இந்த நீளக் கொட்டகைக்குள் அடைந்து கிடக்கிறார்கள். இரண்டு மீட்டரிலிருந்து இருபது மீட்டர் வரை, இரண்டிரண்டாகத் தள்ளி, தூரத்துக்கு மூன்று வெடி. எட்டு வரை நேற்று முடிந்தது. இன்றைக்குப் பத்து, பன்னிரண்டு, பதினான்கு. பதினான்கு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காலையில் பஸ்ஸில் நினைத்தாள். பதினான்கு வராமலே போனாலும் நல்லதுதான் என்றும் அதே பஸ்ஸில் நினைத்தாள்.

குழலை விட்டு ஒரு கொத்தாகப் புறப்படும் ரவைகள் போகப் போக விரியும். கிட்டத்தில் சுட்டால் எல்லாம் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கும். தள்ளிச் சுட்டால் குடை அளவு. விரிவை அளந்தால் சுட்டவன் எங்கே நின்றான் என்று சொல்லிவிடலாம். தடய அறிவியல் கூடத்தின் துப்பாக்கிப் பிரிவில் முப்பத்து மூன்று வருஷமாக அவள் பிழைத்த பிழைப்பு இவ்வளவுதான். இன்னும் பதினோரு மாதத்தில் ஓய்வு. இப்போது போய் இந்தப் புதன்கிழமை வந்திருக்கிறது. போன புதன்கிழமையிலிருந்து எங்கே பார்த்தாலும் துளை. இடியாப்ப அச்சில் துளை. சல்லடையில் துளை. பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் கழுத்தில் எப்போதோ அம்மை போட்ட தழும்புகள். அவளுக்கு வேண்டாம் வேண்டாம் என்றுதான் இருந்தது, கண் அதுபாட்டுக்கு எண்ணியது, பதினொன்று வந்ததும் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள். வீட்டில் கணவர் ஜெரோம் கேட்டார், குழம்பில் உப்பு கூடிப்போச்சா, ஏன் ஒருமாதிரி இருக்கிறே என்று. உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. பதினொன்று. தோளின் விளிம்பில் ஏழு, அதற்கு உள்ளே இரண்டு, கழுத்தில் இரண்டு. கழுத்தில் இருந்ததில் ஒன்றுதான் அந்தப் பழைய வழக்கில் தீர்த்தனைக் கொன்றது. மற்ற பத்துக்கும் அவன் பிழைத்திருப்பான். மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு நாலு நாளில் காட்டுக்குப் போயிருப்பான். மச்சான்காரனைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பான். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தும் இருப்பார்கள்.

“அடுத்தது போடவா மேடம்?” என்றார் தவசிலிங்கம். காதடைப்பைக் கழுத்தில் தள்ளிவிட்டுக்கொண்டு, குழலை மடக்கி வெடித்த தோட்டாவை வெளியே எடுத்தார். கருகிய மருந்தின் வாடை வந்தது. இரும்பைத் தேங்காயெண்ணெயில் வறுத்தாற்போல ஒரு வாடை. போடுங்க என்று தலையை ஆட்டினாள். அவர் கையிலிருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியின் விசைக்காப்பு வளையத்தில் நூல் கட்டி ஒரு அட்டை தொங்கியது. அட்டையில் மை போய்விட்டது, ஆனால் எண் தெரியும். வழக்கு முடிந்து, கோர்ட்டு உத்தரவில் கூடத்துக்கே வந்து சேர்ந்து, இருநூறு துப்பாக்கிகளோடு அலமாரியில் நின்றிருந்த துப்பாக்கி. சோதனைக்கு எது வேண்டுமானாலும் எடுக்கலாம். அவள்தான் போய் எடுத்தாள். ஏதோ ஒன்று என்று சொல்லித்தான் மேஜையில் வைத்தாள். தவசிலிங்கம் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அவருக்கும் இருபது வருஷமாக இதே வேலை, அந்த வழக்குக்காகச் சுட்டுக் காட்டியதும் அவர்தான். இப்போது எஸ்.ஐ. பதவி கொடுத்துவிட்டார்கள், ஆனாலும் கூடத்தில் எல்லோருக்கும் ஏட்டுதான். தோளில் கட்டையைப் பதித்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி, விரலை மடக்கினார். சத்தம் பல்லுக்குள் மறுபடி இறங்கியது.

கல்வராயன் மலை. பத்தொன்பது வருஷம் ஆகிறது. மக்காச்சோளக் காட்டில் பன்றி இறங்குகிறதென்று கரியராமன் உரிமம் வாங்கிய இதே துப்பாக்கியோடு காவலுக்குப் போனான். பொழுது சாயும் நேரம். பயிருக்குள் அசைந்தது, சுட்டேன், அலறின பிறகுதான் என் மச்சான்னு தெரிஞ்சது, இருபது தப்படி இருக்கும்யா, என்றான். மச்சான் என்றால் மனைவி பாவாயியின் அண்ணன் தீர்த்தன். முந்தின வாரம் இருவருக்கும் வாய்க்கால் தண்ணீருக்காக வாய்த்தகராறு, ஊரே பார்த்தது. அது போதும் போலீசுக்கு. மீதியை அவள் கொடுத்தாள். காயங்களின் வரைபடம் வந்தது, உச்சியிலிருந்து அடிவரை அளந்தாள், இருபத்தாறு சென்டிமீட்டர். பயிற்சி மைதானத்தில் வெள்ளைத் துணியைக் கட்டித் தவசிலிங்கம் சுட்டார். இரண்டு, நாலு, ஆறு. ஆறு மீட்டரில் இருபத்தாறு வந்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது, தூறல் விழ ஆரம்பித்தது, அவர் கேட்டார், இன்னும் தள்ளி வச்சுச் சுடவா மேடம்? அவள் சொன்னாள், போதும், அதான் வந்துடுச்சே. போதும். அந்தச் சொல்லைச் சொன்ன தன் வாயை அவளால் இப்போதும் பார்க்க முடிகிறது, வெளியே நின்று பார்ப்பதுபோல. முந்தானையைத் தலையில் போட்டபடி ஜீப்பை நோக்கிப் பாதி திரும்பிய முகம், போதும். நல்ல மழைகூட இல்லை. துணி நனையக்கூட இல்லை. கோர்ட்டில் அரசு வக்கீல் கையை அகல விரித்துக் கேட்டார், ஆறு மீட்டரில் நிற்கிற ஒரு மனுஷனை, அதுவும் சொந்த மச்சானை, பன்றி என்று நினைக்க முடியுமா? அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அவள் இல்லை. ஆனால் ஆறு அவளுடையது. ஆறுக்கு மேல் இருக்க வாய்ப்பு உண்டா என்று எதிர்வக்கீல் ஒரே ஒரு முறை கேட்டார், அரசாங்கம் கொடுத்த வக்கீல், சட்டைக் காலர் நைந்துபோயிருந்தது, கேட்டுவிட்டுக் கோப்பைப் புரட்டினார். வாய்ப்பில்லை என்றாள். சத்தமாகச் சொன்னாள், எழுதுபவருக்குக் கேட்க வேண்டும் என்று. ஆயுள் தண்டனை.

மீதி ரவைகள் எங்கே?

இதை அவள் அன்றைக்குக் கேட்கவில்லை. தோட்டாவுக்குள் நூற்று எழுபது ரவை. தீர்த்தன் உடம்பில் பதினொன்று. மீதி நூற்று ஐம்பத்தொன்பது எங்கே போனது? ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கேட்டிருக்கும். அவள் கேட்கவில்லை, நீதிபதி கேட்கவில்லை, நைந்த காலர் கேட்கவில்லை. ஓரமாகப் பட்டிருக்கும், மற்றதெல்லாம் தாண்டிப் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சொல்லிக்கொண்ட அந்தப் பாதி வரியை மேலே யோசிக்காமல் விட்டுவிட்டாள். ஓரமாகப் பட்டிருந்தால் இருபத்தாறு சென்டிமீட்டர் என்பது முழு விரிவு அல்ல, விரிவின் ஒரு ஓரம், ஒரு துண்டு. துண்டை அளந்துவிட்டு முழுசின் அளவு என்று கையெழுத்துப் போட்டாள். தேங்காய்க் கீற்றை அளந்து தேங்காயின் அளவு சொன்ன மாதிரி. போலீஸ் எடுத்த படங்கள் கோப்பில் இருந்தன. நாலாவது படத்தின் வலது ஓரத்தில் சோளத்தட்டைகள், இலைகளில் ஓட்டை ஓட்டையாக. பார்த்தாள். பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது, டீ குடித்தபடி பார்த்தாள், பாவம், புழு விழுந்த பயிர் என்று நினைத்தாள். புழு. அந்த ஓட்டையெல்லாம் புழு தின்றது என்று நினைத்துப் படத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

“பன்னெண்டுக்குத் தள்ளியாச்சு மேடம்.”

பன்னிரண்டு மீட்டர் முதல் வெடி. ஐம்பத்து இரண்டு சென்டிமீட்டர். பச்சை வளையங்கள் விழுவதைப் பார்க்காமல் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜையில் மயில்நிற வண்ணம் உரிந்த இடத்தில் தமிழ்நாடு மாதிரி ஒரு துரு. புதன்கிழமை மதியம் சாப்பாட்டு வேளையில்தான் அதைச் செய்தாள், எல்லோரும் கேண்டீன் போயிருந்தார்கள். பழைய வழக்குகளைப் போட்டுப் பார்க்க வேண்டாம் என்று இயக்குநர் முதல் கூட்டத்திலேயே சொல்லியிருந்தார். புதிய வெடிகளை வைத்து மட்டும் சோதித்தால் போதும், பழசைக் கிளறினால் முடிவே இருக்காது, புரிகிறதில்லையா அம்மா, என்றார். புரிந்தது. புரிந்துதான் மறுநாளே பழைய கோப்பு ஒன்றை எடுத்தாள். ஏன் அதை எடுத்தாள்? இருநூற்றுப் பன்னிரண்டு கோப்பில் கை ஏன் அதற்கு நேராகப் போனது? அவளுக்குத் தெரியாமல் கைக்குத் தெரிந்திருந்ததா, இத்தனை வருஷமும்? பதினோரு புள்ளிகளை வரைபடத்தில் இருந்தபடியே திரையில் குறித்தாள். கணினி ஒரு கேள்வி கேட்டது. முழு அமைப்பா, பகுதியா? இரண்டு சின்னக் கட்டம், ஒன்றில் குறியிட வேண்டும். முழு என்று குறித்தாள். ஐந்து புள்ளி எட்டு மீட்டர் என்றது. அப்படியே அவள் எண். நெஞ்சு இளகிப்போய்ச் சிரிக்கக்கூடச் சிரித்தாள், டப்பாவைத் திறந்து ஒரு வாய் தயிர்சோறு சாப்பிட்டாள். அதோடு மூடியிருக்கலாம். எலுமிச்சை ஊறுகாய் நாக்கில் இருக்கும்போதே இன்னொரு கட்டத்தைச் சும்மா தொட்டாள். பகுதி. புள்ளிகள் தோளின் வெளிப்பக்கம் போகப் போக நெருக்கமாகின்றன, ஆகவே கொத்தின் நடு உடம்புக்கு வெளியே இருக்கிறது என்று கணினி ஒரு சிவப்புக் கூட்டல் குறி போட்டது, தீர்த்தனின் தோளுக்கு வெளியே, வெறும் காற்றில், சோளத்தட்டைகள் நின்றிருக்கும் இடத்தில். பதின்மூன்று புள்ளி ஆறு. பன்னிரண்டிலிருந்து பதினைந்து மீட்டருக்குள். காலால் நடந்து அளந்தால், கரியராமன் சொன்ன அதே இருபது தப்படி. தயிர்சோற்றை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினாள். கணினி ஒன்றும் பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிடவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டது, அவ்வளவுதான். அது கண்ணால் பார்த்தே தெரிந்திருக்க வேண்டியது. விளிம்பில் ஏழு, உள்ளே இரண்டு, கழுத்தில் இரண்டு.

சாட்சி சொன்ன அன்றைக்குக் கோர்ட்டு வராந்தாவில் பாவாயி அவளிடம் வந்தாள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தூணோரம் ஒதுங்கி நின்று, பிரகாசி செருப்பு மாட்டும்வரை காத்திருந்து, பிறகு வந்தாள். ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் புருஷன். எந்தப் பக்கம் அழுவது என்று தெரியாத முகம். அம்மா, நிசமாவே கிட்ட நின்னுதான் சுட்டாராம்மா என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் என்ன இருந்தது என்று பிரகாசிக்கு அப்போது புரியவில்லை, பஸ்ஸுக்கு நேரமாயிற்று, வெயில், எத்தனையோ பேர் இப்படி வந்து கையைப் பிடிப்பார்கள். மெஷின்ல போட்டுப் பாத்தாச்சும்மா, மெஷின் பொய் சொல்லாது, என்றாள். அப்போது மெஷினே கிடையாது. எஃகு அளவுகோல் இருந்தது, பென்சில் இருந்தது. ஏன் மெஷின் என்று சொன்னாள்? சட்டென்று முடியும் என்பதால். மெஷின் என்றால் மலைக்காரி மேலே கேட்கமாட்டாள் என்பதால். கேட்கவும் இல்லை. சரிங்கம்மா என்று சொல்லி, குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, போலீஸ் வேன் நின்ற பக்கம் திரும்பாமல், கேட்டைப் பார்க்க நடந்தாள். வேனுக்குள்ளிருந்து கரியராமன் கூப்பிட்டான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டான், இரண்டு தடவை. பிரகாசி திரும்பிப் பார்த்தாள். பாவாயி பார்க்கவில்லை.

வியாழக்கிழமை கரியராமனைப் பற்றி விசாரிக்கச் சிறைக்குப் போன் பண்ணினாள். அலுவல் விஷயம் என்றாள். நல அலுவலர் பதிவேட்டைப் புரட்டிப் படித்தார், மளிகைச் சீட்டைப் படிப்பதுபோல. நேர்காணல்: தாயார், இரண்டு முறை, பிறகு தாயாரும் இல்லை. மனைவி, இல்லை. கடிதம் எழுத வேறு கைதிகளிடம் சொல்லுவார், திரும்பி வந்துவிடும். காசநோய். இறந்து ஆறு வருஷம் ஆகிறது. உடலைப் பெற்றுக்கொள்ள ஆள் வரவில்லை, நாங்களே அடக்கம் செய்தோம். வேறு ஏதாவது வேண்டுமா மேடம்? வேறு ஒன்றும் வேண்டாம். வேறு என்ன வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு வழக்கு. அதில் எத்தனை துண்டு, எத்தனை முழுசு? எத்தனை பேர் இன்னும் உள்ளே? ஒன்று சரிந்தால் எல்லாவற்றையும் பிரிப்பார்கள். சரியாகச் சொன்னதையும் சேர்த்துப் பிரிப்பார்கள். உண்மையிலேயே முகத்துக்கு நேரே நின்று சுட்டவனும் மனு போடுவான். இயக்குநர் சொன்னது அதுதான், அவர் கெட்டவர் இல்லை. பதினோரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தால் சந்தன மாலையும் சால்வையும் போட்டு அனுப்புவார்கள், பிழையே இல்லாத முப்பத்து மூன்று வருஷம் என்று யாராவது மைக்கில் சொல்லுவார்கள். அதை நின்று கேட்க முடியுமா? முடியும் என்றுதான் தோன்றியது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. மனுஷி எதையும் நின்று கேட்டுவிடுவாள். ஒருவேளை பதினான்கில் பொருந்தாமல் போகலாம். பதினோரு புள்ளியை வைத்து எதைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்? பொருந்தாமல் போ, மாதாவே, பொருந்தாமல் போ என்று உதடு தன்பாட்டுக்கு அசைவதைக் கண்டு கையால் வாயை மூடினாள். செத்தவன் இருபது தப்படி என்று சொன்னது பொய்யாக இருக்க வேண்டுமென்று மாதாவிடம் கேட்கிறாள்.

பன்னிரண்டு முடிந்தது. தவசிலிங்கம் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தரையில் வெள்ளை வண்ணத்தில் பதினான்கு என்று எழுதிய கோட்டில் நிறுத்தினார். காகிதம் மாட்டினார். விளக்கைச் சரிபார்த்தார். திரும்பி நடந்து வந்தார். அந்தப் பதினான்கு மீட்டரையும் அவர் நடந்து வருவதைப் பிரகாசி பார்த்தாள். எவ்வளவு தூரம். முகம் முகமாகத் தெரியப் பாதி வழி ஆயிற்று. இது விளக்குப் போட்ட கொட்டகை. அது பொழுது சாய்ந்த சோளக்காடு, தலைக்கு மேல் வளர்ந்த பயிர். முதல் வெடி. விரிவு அறுபது. இரண்டாவது. மூன்றாவதில் அவர் தோளைத் தேய்த்துக்கொண்டார், பழைய துப்பாக்கி, உதை அதிகம். அவள் வரைபடத்தில் இருந்த தோளும் கழுத்தும் சேர்ந்த உருவத்தை அதே அளவில் திரையில் கொண்டுவந்தாள். சுட்டியால் மெல்ல நகர்த்தி, ரவைக் கொத்தின் ஓரத்தில், நடுப்புள்ளி தோளுக்கு வெளியே நிற்கும்படி வைத்தாள். உருவத்துக்குள் விழுந்ததைக் கணினி எண்ணியது. முதல் காகிதத்தில் ஒன்பது. இரண்டாவதில் பதின்மூன்று. மூன்றாவதில் பதினொன்று. விளிம்பில் நெருங்கி, உள்ளே போகப் போகக் கலைந்து. பிறகு நேற்றைய ஆறு மீட்டர் படத்தைத் திறந்து அதே உருவத்தை வைத்துப் பார்த்தாள், இங்கே, அங்கே, மேலே, கீழே. எங்கே வைத்தாலும் எழுபது எண்பது விழுந்தது, இல்லையென்றால் ஓரத்தில் ஒரு கையகலத்துக்குள் மூன்றோ நாலோ. பதினொன்று இப்படிப் பரந்து விழவே இல்லை. விழாது. ஆறு மீட்டரில் சுட்டிருந்தால் தீர்த்தனின் தோளே இருந்திருக்காது. கொட்டகையின் தகரக்கூரை வெயிலில் சடசடவென்று சோம்பல் முறித்துக்கொண்டது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

தவசிலிங்கம் பின்னால் வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

“இது அந்த மலைக் கேசுதான மேடம்?”

“ஆமா.”

“தப்பாப் போச்சா?”

“தப்பாத்தான் போச்சு, ஏட்டய்யா. அந்த ஆள் சொன்ன தூரம்தான் சரி.”

அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். துப்பாக்கியைக் கீழே வைக்க இடம் தேடினாற்போல இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “அந்தாளு செத்துப் போயிட்டான்ல?” என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. “செத்தவனுக்கு இனி என்னத்துக்கு மேடம் ரிப்போர்ட்டு? உங்களுக்கும் கொஞ்ச மாசந்தான் இருக்கு.” சொல்லிவிட்டு, சொன்னது தனக்கே பிடிக்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு கேட்டார், “எழுதத்தான் போறீங்க?”

“எழுதணும்.”

“அப்ப எம் பேரையும் போடுங்க. அன்னைக்கும் சுட்டது நாந்தான். தள்ளி வச்சுச் சுடலாம்னு தோணுச்சு, நாலு வார்த்தை அழுத்திக் கேக்கல.”

அறிக்கை எழுதலாம். எழுதுவாள். அது இயக்குநர் மேஜைக்குப் போகும், அங்கிருந்து சட்டப் பிரிவு, அங்கிருந்து கருத்துக் கேட்டு வேறெங்கோ. நூல் கட்டிய கோப்பு நிதானமாக ஊரைச் சுற்றும். அதெல்லாம் கரியராமனுக்கு. பாவாயிக்கு? அவளுடைய எண்ணை வெள்ளிக்கிழமையே ஊராட்சிச் செயலரிடம் வாங்கி வைத்திருந்தாள். நாலு நாளாகப் பெயரை எடுத்துப் பார்ப்பதும் அணைப்பதுமாக இருந்தாள். சொல்லாமல் விடுவதுதான் அவளுக்குச் செய்கிற நல்லது என்றும் ஒரு நினைப்பு ஓடியது. குற்றமில்லாத புருஷனை அனாதைப் பிணமாக விட்டவள் என்று அவளைக் கொண்டுபோய் நிறுத்துவதற்கு நான் யார்? ஆனால் அந்த நினைப்பு ரொம்ப வசதியாக இருந்தது. மெஷின் என்று சொன்ன அன்றைக்கு இருந்த அதே வசதி. தவசிலிங்கம் சட்டத்தை நகர்த்தப் போன நேரத்தில் எண்ணை அழுத்தினாள். ஐந்து முறை மணி அடித்தது. யாரோ பெண்கள் சிரிக்கும் சத்தத்துக்கு நடுவில் எடுத்தாள்.

“யாரு?”

“பாவாயிங்களா? நான் பிரகாசி. உங்க வீட்டுக்காரர் கேசுல துப்பாக்கியப் பாத்து ரிப்போர்ட்டு குடுத்தவ. கோர்ட்டுல சாட்சி சொன்னேன்.”

“கண்ணாடி போட்ட அம்மாவா?”

“ஆமாம்மா.” முன்கூட்டியே கட்டி வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. “அவர் சொன்னதுதாம்மா சரி. இருபது தப்படி. கிட்ட நின்னு சுடல. நான் சொன்னது தப்பு.”

சிரிப்புச் சத்தம் தள்ளிப் போனது. நடந்து தனியாக வந்திருக்கிறாள். காற்று மோதியது.

“மிசினு தப்பாச் சொல்லிட்டுதா?”

“மெஷினே அப்ப கிடையாதும்மா. ஸ்கேல் வச்சு நான் அளந்தது. மெஷின்னு உங்ககிட்ட சொன்னது பொய்.”

இணைப்பு போய்விட்டதா என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“கடுதாசி வந்துச்சு,” என்றாள் பாவாயி. குரல் உயரவில்லை. “ஒம்போது. பிரிக்காம தபால்காரர்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன். பொணத்தை வாங்கிக்கன்னு போலீசு வந்துச்சு. வேணான்னுட்டேன். ஊரு ஆளுங்கல்லாம் சொன்னாங்க, அவன் அப்பிடிப்பட்ட ஆளு இல்லடின்னு. நாந்தாம்மா சொன்னேன். உங்களுக்கு என்னா தெரியும், மிசினே சொல்லுதுன்னு நாந்தான் சொன்னேன்.”

பிரகாசி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. அது இப்போது ரொம்ப மலிவான சொல் என்று பட்டதால் விழுங்கினாள்.

“மகளுக்கு போன தையில கண்ணாலம் பண்ணினேன். பத்திரிகையில அப்பன் பேரு போடல. அவளே வேணான்னா.”

“நான் வந்து அவகிட்ட சொல்றேம்மா.”

“அவகிட்ட மட்டும் சொல்லி?” முதல் தடவையாகக் குரல் உடைந்தது, உடைந்ததைக் காறித் துப்புவதுபோலச் சரிசெய்துகொண்டாள். “எல்லாருக்கும் கேக்கச் சொல்லணும். கோர்ட்டுல சத்தமாத்தானே சொன்னீங்க?”

“சொல்றேன். ஞாயித்துக்கிழமை வர்றேன்.”

“ஞாயித்துக்கிழமை ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. வெள்ளிக்கிழமை வாங்க. சந்தை. ஏழு ஊரு சனமும் வரும்.”

பாவாயி போனை வைத்துவிட்டாள். வருகிறேன், போகிறேன் என்று ஒன்றும் இல்லை. பதினாறு மீட்டர் கோட்டில் நாளைக்கான புதுக் காகிதம் வெளிச்சத்தில் வெள்ளையாக நின்றது. தவசிலிங்கம் அதன் பக்கத்தில் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு இவளையே பார்த்து நின்றார். பிரகாசி இழுப்பறையைத் திறந்து விடுப்புப் படிவம் ஒன்றை எடுத்தாள். பெயர், பதவி, பிரிவு எழுதினாள். நாள் என்ற இடத்தில் வெள்ளிக்கிழமையின் தேதியைப் போட்டாள். காரணம் என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. ‘சாட்சி சொல்ல’ என்று எழுதினாள். எந்தக் கோர்ட்டு என்று இயக்குநர் கட்டாயம் கேட்பார். அதற்கும் கீழே ஒரு வரி இடம் இருந்தது. அங்கே அந்த மலைச் சந்தையின் பெயரை, எழுத்து எழுத்தாக, யாரும் வேறு மாதிரிப் படித்துவிட முடியாதபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.